தவிட்டுத் தொட்டியும் சில பழைய புத்தகங்களும்

செமஸ்டர் முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்ததும் ஓடிவிடாதீர்கள். பி.காம் படிக்கிறவனுக்குத் தவிட்டுத் தொட்டியில் என்ன வேலை என்று வகுப்பில் ஏற்கனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கதை இருக்கிறது, சொல்கிறேன்.

லீவில் மாமாவின் அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போயிருந்தேன். பேரேட்டில் ரிப்பேர் தலைப்பைப் புரட்டினால் மாதாமாதம் ஒரே வரி: 'தவிட்டு ஹாப்பர் - வெல்டிங்'. ஹாப்பர் என்றால் மேலே அகலமாக, கீழே கூம்பாகக் குறுகும் இரும்புத் தொட்டி. அதிலிருந்து தவிடு தானாக மூட்டைக்குள் இறங்க வேண்டும். இறங்காது. அடைத்துக்கொள்ளும். உடனே ஒருவர் சம்மட்டியை எடுத்துக் கூம்பின் மேல் நாலு போடு போடுவார். தகடு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அடித்து அடித்துத் தையல் விடும், வெல்டர் வருவார், பில் வரும்.

இது வெறும் செலவுக் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் சம்மட்டிக்கும் மசியாமல் போகவே, மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் மேலே ஏறி உள்ளே இறங்கி மூங்கிலால் குத்தினார். அடியில் வளைவாக நின்றிருந்த தவிடு சட்டென்று உடைந்தது. அவரும் கூடவே போனார். இடுப்பு வரை புதைந்ததோடு நின்றது. கயிறு போட்டு இழுத்து வெளியே எடுத்தோம். மூக்கு, காது, கண் இமை எல்லாம் தவிடு. டீ குடித்துவிட்டு, "இது ரெண்டாவது தடவை தம்பி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவுதான் தேட ஆரம்பித்தேன். நெல், தவிடு, நிலக்கரி, சிமெண்ட், இரும்புத்தாது என்று மூட்டை கட்டாமல் குவியலாகக் கையாளும் பொருள்களுக்கு ஒரு தனித்துறையே இருக்கிறதாம். பல்க் மெட்டீரியல்ஸ் ஹேண்ட்லிங். இதை ஒருவன் தானாகப் படிக்க என்னென்ன இருக்கிறது என்று தேடப்போய், அந்தப் புத்தகங்களின் வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். கணக்கை விடக் கதை சுவாரசியம்.

முதல் ஆள் ஆலிவர் எவான்ஸ். 1755-இல் அமெரிக்காவின் டெலவேரில் பிறந்தவர். வண்டிச்சக்கரம் செய்யும் பட்டறையில் தொழில் பழகியவர், கல்லூரி வாசலை மிதிக்காதவர். அந்தக் காலத்து மாவு மில்லில் கோதுமை மூட்டையை ஆள் முதுகில் மாடிக்கு ஏற்றுவார்கள். அரைத்த சூடான மாவை மறுபடி மேலே கொண்டுபோவார்கள். அங்கே ஒரு பையன் வாரியால் பரப்பி ஆறவைப்பான். 1780களில் எவான்ஸ் இதையெல்லாம் நீர்ச்சக்கரத்தின் தலையில் கட்டிவிட்டார். மேலே தூக்க வாரில் கோத்த சின்ன வாளிகள், அதாவது இன்றும் நம் அரிசி ஆலைகளில் ஓடுகிற அதே பக்கெட் எலிவேட்டர். பக்கவாட்டில் தள்ளத் திருகு கன்வேயர். பரப்பி ஆறவைக்கும் கருவிக்கு அவர் வைத்த பெயர் 'ஹாப்பர் பாய்'. பையன் வேலை போயிற்று, பெயர் மட்டும் இயந்திரத்தில் தங்கிவிட்டது!

1790-இல் அமெரிக்காவில் காப்புரிமைச் சட்டம் வந்தது. அதன் கீழ் வழங்கப்பட்ட மூன்றாவது காப்புரிமை இவருக்குத்தான். 1795-இல் மில் கட்டுபவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். 'இளம் மில் கட்டுநருக்கும் மாவு அரைப்பவருக்குமான வழிகாட்டி' என்கிற மாதிரிப் பெயர். நீரின் விசைக் கணக்கு, பல்சக்கரக் கணக்கு, படங்கள் எல்லாம் உண்டு. முன்பணம் கட்டியவர்கள் பட்டியலில் ஜார்ஜ் வாஷிங்டனும் தாமஸ் ஜெஃபர்சனும் இருந்தார்கள். 1860 வரை 15 பதிப்புகள். வாத்தியார் இல்லாமல் இந்தத் தொழிலைக் கற்க வந்த முதல் பெரிய புத்தகம் இதுதான் என்பேன்.

இங்கே ஒரு கிளைக்கதை. எவான்ஸின் காப்புரிமைக் காலம் முடிந்ததும், 1808-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதை மேலும் 14 ஆண்டுகள் நீட்டித்தது. அவர் கட்டணத்தை ஏற்ற, பால்டிமோர் பக்கத்து மில்காரர்கள் கொதித்தார்கள். அவர்களில் ஐசக் மெக்பெர்சன் என்பவர் ஜெஃபர்சனுக்குக் கடிதம் போட்டார். 1813 ஆகஸ்டில் பதில் வந்தது. பாரசீகச் சக்கரத்திலும் ஆர்க்கிமிடீஸ் திருகிலும் இதெல்லாம் முன்பே இருந்ததே என்று ஜெஃபர்சன் வாதாடினார். ஒருவர் விளக்கில் இன்னொருவர் விளக்கை ஏற்றிக்கொண்டால் முதல் விளக்கின் ஒளி குறையாது, அறிவும் அப்படித்தான் என்ற உவமையும் அதில்தான் வருகிறது. காப்புரிமை பற்றி இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிற உவமை அது. அது பிறந்தது மாவு மில் வாளிகளைப் பற்றிய தகராறில் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது, போன மாதம் வரை. (என் கட்சி எது என்று கேட்காதீர்கள். எவான்ஸ் பக்கமும் நியாயம் இருக்கிறது. வித்தையை ஒளித்து வைக்காமல் புத்தகமாகவே போட்டவர் ஆயிற்றே.)

அடுத்தது நம்ம ஜாதி, அதாவது காமர்ஸ் ஜாதி :-) ஜோசஃப் டார்ட் என்ற வியாபாரி. பஃபலோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து தானியத்தை அயர்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். டார்ட் 1842-இல் ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரை வைத்து, எவான்ஸின் வாளிகளை நீராவி இயந்திரத்தில் இணைத்து, தானிய எலிவேட்டர் கட்ட ஆரம்பித்தார். ஐரிஷ்காரன் முதுகை விட மலிவான எலிவேட்டர் உலகத்தில் கிடையாது என்று அப்போது தன்னிடம் சொன்னவர்கள் உண்டு என டார்ட்டே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். இந்த வரியைப் படித்தபோது தவிட்டுத் தூசியோடு டீ குடித்த அந்த அண்ணன் முகம்தான் கண்ணில் வந்தது.

கன்வேயர் பெல்ட் கதையை வேகமாகக் கடந்துவிடுகிறேன். தாமஸ் ராபின்ஸ் 1891-இல் நியூஜெர்சியில் எடிசனின் இரும்புத்தாது ஆலைக்குப் போனார். தாது விழுந்து பெல்ட்டுகள் சீக்கிரமே கிழிந்துகொண்டிருந்தன. ராபின்ஸ் மேல்பூச்சு ரப்பரைத் திருத்தினார், 1900 பாரிஸ் கண்காட்சியில் உயர்ந்த பரிசு வாங்கினார். எடிசனின் ஆலை நஷ்டத்தில் மூடப்பட்டது, பெல்ட் பிழைத்துக்கொண்டது.

இதுவரை வந்தவர்கள் எல்லோரும் பொருளை நகர்த்தினார்கள். சேர்த்து வைத்த பொருள் உள்ளே என்ன செய்கிறது என்பதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. கேட்டவர்களில் ஒருவர் லிவர்பூலைச் சேர்ந்த கட்டடக்காரர் ஐசக் ராபர்ட்ஸ். 1880களில் உயரமான பெட்டிகளில் கோதுமையைக் கொட்டி எடை பார்த்தார். அகலத்தைப் போல் சுமார் இரண்டு மடங்கு உயரத்தைத் தாண்டினால், மேலே எவ்வளவு கொட்டினாலும் தரையின் மேல் பாரம் அதற்கேற்ப ஏறவில்லை! தண்ணீர் அப்படிச் செய்யாது. மிச்ச பாரத்தைச் சுவர் உராய்வு தாங்கிக்கொள்கிறது. (இதே மனிதர்தான் 1888-இல் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைப் புகைப்படம் எடுத்து அதன் சுருள் வடிவத்தைக் காட்டியவர். பகலில் கோதுமை, இரவில் வானம்.) 1895-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரப் பொறியாளர் யான்சன் மாதிரித் தொட்டிகளில் சோதித்து இதற்குச் சூத்திரமே கொடுத்தார். சுவருக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று கணக்கிட இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் தவிடு ஏன் இறங்க மறுக்கிறது? அதற்கு யான்சனிடம் பதில் இல்லை. பதில் சொன்னவர் ஆண்ட்ரூ ஜெனிகே. 1914-இல் வார்சாவில் பிறந்து, போருக்குப் பின் லண்டனில் முனைவர் பட்டம் வாங்கி, பிறகு அமெரிக்கா போனவர். 1950களில், நாற்பது வயதை ஒட்டி, பெரிதாக யாரும் தொடாத இந்தத் துறையைப் பிடித்துக்கொண்டு யூட்டா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்தார். 1964-இல் வெளிவந்த அவருடைய 'புல்லட்டின் 123' சுமார் 200 பக்கம்.

அதில் இருப்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தவிட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கொழுக்கட்டை போல நிற்கிறது அல்லவா? தொட்டிக்குள் மேலிருக்கும் பாரமே அந்த அழுத்தத்தைக் கொடுக்கிறது. வாய் குறுகலாக இருந்தால் அந்தக் கொழுக்கட்டை பாலத்து வளைவு மாதிரி நின்றுவிடும். அதன் வலிமையை ஒரு சின்ன வெட்டுச் சோதனைக் கருவியில் அளந்துவிட்டால், எவ்வளவு அகல வாய் வைத்தால் வளைவு தன் எடையையே தாங்காமல் உடையும் என்று கணக்கிடலாம். அதே மாதிரி கூம்புத் தகட்டின் மேல் உராய்வை அளந்தால், எவ்வளவு செங்குத்தாக வைக்க வேண்டும் என்றும் தெரியும். குவியலின் சரிவுக் கோணத்தை மட்டும் பார்த்துக் கூம்பு கட்டினால் போதும் என்ற பழைய நம்பிக்கை இத்தோடு காலி. மாமாவின் ஹாப்பரும் அந்த நம்பிக்கையில் கட்டியதுதான்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. கூம்பு போதிய சரிவும் வழவழப்பும் இல்லாவிட்டால் நடுவில் மட்டும் எலி வளை மாதிரி ஒரு பாதை விழும், ஓரத்தில் இருப்பது அசையாது. கடைசியாகப் போட்டது முதலில் வெளியே வரும். சரியாக இருந்தால் மொத்தமும் ஒன்றாக இறங்கும், முதலில் போட்டது முதலில் வரும். அடப்பாவிகளா, இது நம்ம லிஃபோவும் ஃபிஃபோவும்! நான் சரக்கிருப்பை ஃபிஃபோ முறையில் மதிப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், தொட்டி லிஃபோவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அரிசித் தவிடு சீக்கிரம் சிக்குப் பிடிக்கிற பொருள். ஓரத்தில் கிடந்த பழைய தவிடு என்றைக்கோ சரிந்து புதியதோடு கலந்தால் அமிலத்தன்மை ஏறும். எண்ணெய் ஆலைக்காரர் விலையில் கழிப்பார். 'தரக் கழிவு' என்று பேரேட்டில் நான் எழுதிய வரிகளுக்கு அர்த்தம் அன்றுதான் தெரிந்தது.

சரி, நீங்களும் படிக்க நினைத்தால்? புல்லட்டின் 123 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நடுப்பகுதி நுண்கணிதம் தலை சுற்றவைக்கும். முதல் பகுதியையும் வடிவமைப்பு உதாரணங்களையும் படியுங்கள், மற்றதைத் தைரியமாகத் தாண்டுங்கள், நானும் அதைத்தான் செய்தேன். பெல்ட் கன்வேயருக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமான சீமா 1966 முதல் வெளியிடும் கையேடுதான் வேதம், ஆனால் விலை மாணவர்களுக்கானது இல்லை. நமக்கு ஐ.எஸ். 11592 என்ற இந்தியத் தரநிலை போதும், பி.ஐ.எஸ். தளத்தில் பதிவு செய்தால் இலவசம். எனக்கு ரொம்பப் பிடித்தது சோவியத் மீர் பதிப்பகம் போட்ட ஸ்பிவாகோவ்ஸ்கி, தியாச்கோவ் புத்தகம். என்.சி.பி.எச். கடைகளில் சோவியத் புத்தகங்கள் கொள்ளை மலிவாகக் கிடைத்த காலத்தில் அப்பா வாங்கி, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் பரணில் போட்டது. படங்கள் அவ்வளவு தெளிவு.

படித்ததோடு விடவில்லை. இரண்டு தகடு எடுத்தேன், ஒன்று துருப்பிடித்த பழைய இரும்பு, ஒன்று எஸ்.எஸ். மேலே தவிட்டை வைத்து மெல்லச் சாய்த்து எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று ஸ்கூல் பாகைமானியில் பார்த்தேன். துருத் தகட்டில் 36 டிகிரி, எஸ்.எஸ்.-இல் 24. இதை வைத்து ஹாப்பர் கட்ட முடியாது, ஜெனிகே கருவியில் முறையாக அளக்க வேண்டும். ஆனால் மாமாவுக்குக் காட்ட இது போதுமானதாக இருந்தது. அவர் தன் கையாலேயே மூன்று தடவை சாய்த்துப் பார்த்தார். "சம்மட்டிய விட்டுட்டு இதப் பாக்கறதுக்கு இருவது வருஷம் ஆச்சா" என்றார்.

தொட்டியின் மேல் மூடிக்கு அன்றே பூட்டுப் போட்டாயிற்று. சாவி கல்லாவில் இருக்கிறது, இனி யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கூம்பை முறையாக அளந்து செங்குத்தாக்கவும், உள்ளே எஸ்.எஸ். தகடு அடிக்கவும் கோட்டேஷன் கேட்டிருக்கிறோம். அந்தச் செலவை மூலதனத்தில் எழுதுவதா ரிப்பேரில் எழுதுவதா என்று எனக்கும் மாமாவுக்கும் ஒரு வாரமாகச் சண்டை நடக்கிறது.