பிரிட்டன் பண்ணைகளில் கறவை மாடுகளின் நொண்டல்: பண்ணையாளர் புரிதலும் ஆய்வாளர் கணக்கும் (1988–2014)

முன்னுரை

கறவை மாடுகள் நொண்டுவதற்குப் பெரும்பாலும் குளம்பு நோய்களே காரணம். வலியால் நடை தளரும் மாட்டை நாள்தோறும் காண்பவர் பண்ணையில் உழைப்பவரே. ஆயினும் பிரிட்டனில் பண்ணையாளர் கூறிய எண்ணிக்கையும் ஆய்வாளர் கண்ட எண்ணிக்கையும் பெரிதும் வேறுபட்டன. இவ்வேறுபாடு பற்றிய விளக்கம் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நடையை அளத்தல்

1988இல் மேன்சன், லீவர் ஆகியோர் மாட்டின் நடைக்கு மதிப்பெண்ணிட்டு அளந்தனர். 1997இல் அமெரிக்காவில் ஸ்ப்ரெச்சர் முதலானோர் முதுகின் வளைவையும் நடையையும் கொண்டு ஐந்து நிலைகளை வகுத்தனர். இத்தகைய முறைகளால் நொண்டல் ‘உண்டு, இல்லை’ என்னும் இருமையிலிருந்து விலகிப் படிநிலைகளாகக் காணப்பட்டது. காலூன்ற இயலாத மாடு மட்டுமன்றி, நடையில் சிறிதளவே மாற்றம் கொண்ட மாடும் கணக்கில் சேர்ந்தது.

எண்களின் இடைவெளி

2003இல் வே முதலானோர் 53 பண்ணைகளில் நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். மந்தையில் ஏறத்தாழ 6 விழுக்காட்டு மாடுகளே நொண்டுவதாகப் பண்ணையாளர் மதிப்பிட்டனர். ஆய்வாளர் கண்டதோ 22 விழுக்காடு. 2010இல் லீச் முதலானோர் வெளியிட்ட, இங்கிலாந்திலும் வேல்சிலும் 222 பண்ணைகளில் நிகழ்த்திய ஆய்வில் இவ்வளவு 36 விழுக்காடாக இருந்தது. எனினும், பண்ணையாளருள் 90 விழுக்காட்டினர் நொண்டலைத் தம் பண்ணையின் பெருஞ்சிக்கலாகக் கருதவில்லை. இவ்வெண்களை மட்டும் நோக்குவோர், பண்ணையாளர் மாட்டைக் கவனிக்கவில்லை என்ற முடிவுக்கே எளிதில் வருவர்.

சொல்லின் எல்லை

2014இல் ஹார்ஸ்மன் முதலானோர் வெளியிட்ட நேர்காணல் ஆய்வு இம்முடிவைக் கேள்விக்குள்ளாக்கியது. பண்ணையாளர் ‘நொண்டல்’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் கடும் நிலைக்கே வழங்கினர். இலேசான நிலையை வேறு சொற்களால் குறித்தனர். கடுமையாக நொண்டும் மாட்டுக்கு விரைந்து மருத்துவம் செய்தனர், ஏனையவற்றுக்குக் காலந்தாழ்த்தினர். மாட்டைத் தனியே பிரித்து, கட்டி நிறுத்தி, பின்னங்காலைத் தூக்கிக் குளம்பைச் சீவ ஆளும் நேரமும் வேண்டும். ஆகவே, எது நொண்டல் என்னும் வரையறையோடு வேலைச்சுமையும் பிணைந்திருந்தது.

இவ்வரையறைக்கு மாடு கொடுத்த விலையை 2002இல் கிரீன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு உணர்த்துகிறது. நொண்டல் கண்டறியப்படுவதற்கு நான்கு மாதங்கள் முன்னரே பால் குறையத் தொடங்கியிருந்தது. ஒரு கறவைக் காலத்தில் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 360 கிலோ. பெயரிடப்படுவதற்கு முன்னரே நோய் உடலில் செயற்பட்டிருந்தது.

முடிவுரை

பண்ணையாளர் மாட்டைக் காணத் தவறினர் என்பதைவிட, கண்டதை ‘நொண்டல்’ எனப் பெயரிடுவதில் ஆய்வாளரினும் வேறுபட்டனர் என்பதே பொருத்தம். அதனால் மாட்டின் வலி குறைந்துவிடவில்லை. பெயர் பெறாத காலமே மருத்துவம் கிட்டாத காலமாகவும் அமைந்தது. எனவே, பண்ணைப் பதிவேடுகளைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாய்வாளர், அவற்றை நொண்டிய மாடுகளின் கணக்காக அன்றி, மருத்துவம் பெற்ற மாடுகளின் கணக்காகவே வாசித்தல் வேண்டும்.