அசல் எது?

கடலூருக்கும் பீரங்கிக்கும் பழைய உறவு. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு நிலமும் அவர்களுக்கு என்று ஏற்பாடு. கம்பெனியார் கெட்டிக்காரர்கள். சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து வரவழைத்துச் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின.

பிற்பாடு இங்கிலாந்திலிருந்து இன்னொரு பீரங்கி வந்தது. இது சுடாத பீரங்கி. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளின் முத்திரை. வண்டியின் பெயர் புல்லட். ஆக, இங்கேயும் குண்டுதான்!

சிதம்பரத்தில் என் நண்பர் ஒருவரிடம் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. அவருடைய தகப்பனார் 1957-ல் புதிதாக வாங்கியது. பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆசாமி ஒருவர் வந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துவிட்டு, "பாதி சாமான் சீமையுடையது இல்லை சார், இது அசல் இல்லை" என்று சொல்லி, அடிமாட்டு விலை பேசினாராம். நண்பருக்கு வண்டியை விற்க மனமில்லை. ஆனால் 'அசல் இல்லை' என்ற சொல் அவரைத் தைத்துவிட்டது. அப்பா ஏமாந்துவிட்டாரோ என்று கூட நினைக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளூர்ச் சாமான்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு லண்டனிலிருந்து வரவழைத்துப் பூட்டப் போவதாக எனக்கு எழுதினார். நான் கடலூர் பழைய நகரத்திலிருந்து வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். 346 சி.சி. புல்லட் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் உருவானது. ஆனால் ரெட்டிச்சிலேயே எல்லாச் சாமானும் செய்யவில்லை. கியர் பெட்டி ஆல்பியன் கம்பெனியுடையது, கார்புரேட்டர் அமால், மின்சாரச் சாமான்கள் லூகாஸ், வேகமானி ஸ்மித்ஸ். சீமையிலேயே அது பல வீட்டுச் சோறு! 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் சாமான்கள் கப்பலில் வந்து இறங்கின; இங்கே பூட்டினார்கள். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் வந்தன. திருவொற்றியூரில் ஒவ்வொரு உறுப்பாகச் செய்யத் தொடங்கி, 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று.

ஆகவே 1957-ல் சென்னையில் வாங்கிய வண்டியில் சீமைச் சாமானும் நம் ஊர்ச் சாமானும் கலந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. கலந்திருப்பதே அதன் பிறவி லட்சணமாக இருக்கலாம்.

மெக்கானிக் முதலில் பார்த்தது பெயர்களை அல்ல, எண்களை. சட்டத்தின் கழுத்தில் ஓர் எண், கிராங்க் கேஸில் ஓர் எண். விரலால் தடவிப் பார்த்தார். அரம் போட்டு அழித்து மறுபடி வெட்டியிருந்தால் அந்த இடம் பள்ளமாக இருக்கும். எழுத்துகள் வரிசை தப்பி நிற்கும். அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு எண்களும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்தன. நண்பர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

பிறகு மரையாணிகள். அந்தக் காலத்துச் சீமை வண்டிகளில் அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரை அதிகம். பிற்கால உள்ளூர் ஆணிகளில் மெட்ரிக் மரை வந்துவிட்டது. பழைய ஸ்பேனர் கப்பென்று பிடித்தால் ஒரு பதில், வழுக்கினால் வேறு பதில். வேகமானியும் தன் வயதைச் சொல்லிவிடும். பழைய ஸ்மித்ஸ் 'க்ரோனோமெட்ரிக்' முள் வழுக்கிக்கொண்டு ஏறாது. தாவித் தாவி ஏறும். தெற்கு வீதியில் ஒரு நடை ஓட்டிப் பார்த்தோம். முள் தாவியது. லூகாஸ் என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது; 1961-லேயே லூகாஸ் டி.வி.எஸ். சென்னைக்கு வந்துவிட்டது.

கார்புரேட்டர் சந்தேகமில்லாமல் பிற்காலத்தியது: மிக்கார்ப். கால் மிதி ஒன்று கடலூரில் யாரோ லேத்தில் கடைந்தது.

"சிற்சபையில் 21,600 பொன்னோடு என்கிறார்கள். அதில் பராந்தகன் காலத்து ஆணி எது என்று யார் கேட்கிறார்கள்?" என்றார் நண்பர், தைரியம் வந்தவராய். அழகான வாதம்தான். ஆனால் கோயிலை யாரும் விலை பேசுவதில்லை, வண்டிக்குப் பேசுகிறார்கள். மிக்கார்ப்பை அமால் என்று சொல்லி விற்றால் அது மோசடிதான்.

லண்டன் சாமான் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் அந்தக் கம்பெனியின் கதையே முடிந்தது. திருவொற்றியூரிலோ 1955-ஆம் வருஷத்து அமைப்பை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தார்கள். ரெட்டிச் வண்டி வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் தேய்ந்த உறுப்புக்கு மாற்றாகச் சென்னைச் சாமானை வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள். நண்பர் பவுன் கொடுத்து வரவழைக்கும் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே இருப்பது திருவொற்றியூரிலிருந்து போனதாகவே இருக்கலாம்!

தகப்பனாரின் தகரப் பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி, பழைய அமால் கிடைத்தது. மெக்கானிக் அதை மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதிப் பார்த்து, "தேய்ஞ்சிருக்கு, ஆனா வேலை செய்யும்" என்றார். அதைப் பூட்டினோம். கால் மிதியை மாற்றட்டுமா என்று கேட்டார். நண்பர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.