ரசவாதம்: இன்றைய வாசகருக்கு ஏன் பிடிபடுவதில்லை

தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் வீண்முயற்சி என்று ரசவாதத்தைப் பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. ஐரோப்பாவில் அரபு நூல்கள் லத்தீனுக்கு வந்த 12ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அந்தத் தொழில் பொன்னோடு நிற்கவில்லை. மருந்து வடிப்பதும் அமிலம் காய்ச்சுவதும் தாதுவைப் பிரிப்பதும் அதே உலைகளில்தான் நடந்தன.

நியூட்டனின் தாள்களுக்கு நேர்ந்த கதி ரசவாதத்தை இன்று புரிந்துகொள்வதிலுள்ள சிக்கலை நன்றாகக் காட்டுகிறது. ரசவாதம் பற்றி அவர் கைப்பட எழுதியவை சுமார் 10 லட்சம் சொற்கள் என்று மதிப்பிடுகிறார்கள். போர்ட்ஸ்மவுத் பிரபுவின் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் தன்னிடமிருந்த நியூட்டனின் ஆவணங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அளித்தபோது, கணிதத்தையும் இயற்பியலையும் வைத்துக்கொண்ட அறிஞர்கள் ரசவாதத் தாள்களைத் திருப்பி அனுப்பினர். 1936இல் அவை லண்டனில் ஏலத்துக்கு வந்தன. கணிசமான பகுதியை வாங்கிப் படித்த பொருளியலாளர் கெய்ன்ஸ் எதிர்முனைக்குப் போனார்: நியூட்டன் மந்திரவாதிகளில் கடைசியானவர் என்றார். ஒதுக்கியவர்களும் வியந்தவரும் ஒரே கோட்டை நம்பியவர்கள்தாம். அறிவியல் ஒரு பக்கம், மந்திரம் மறுபக்கம். நியூட்டன் வாழ்ந்த காலத்தில் அந்தக் கோடு இன்னும் சரியாக விழவில்லை.

பொன் செய்யலாம் என்ற எண்ணமும் அன்றைய அறிவுக்கு முரணானதல்ல. கந்தகமும் பாதரசமும் வெவ்வேறு விகிதத்தில் கூடி உலோகங்கள் மண்ணுக்குள் விளைகின்றன என்ற கொள்கை அரபு நூல்கள் வழியே வந்து வேரூன்றியிருந்தது. காரீயத் தாதை உருக்கிப் புடமிட்டால் கடைசியில் கொஞ்சம் வெள்ளி தங்கும். அந்த வெள்ளி தாதிலேயே இருந்தது என்பது நமக்குத் தெரியும். சுரங்கத்தில் நின்றவருக்கோ, காரீயம் மெல்ல வெள்ளியாகப் பழுத்துக்கொண்டிருப்பதாகவே தோன்றியிருக்கும். பொன்னைத் தனிமங்களில் ஒன்றாகப் பட்டியலிட்ட லவாசியேவின் நூல் 1789இல்தான் வெளிவந்தது.

அடுத்த தடை மொழி. பசில் வாலண்டைன் பெயரில் வந்த ‘பன்னிரண்டு சாவிகள்’ நூலில், அரசனின் உடலைப் பசித்த ஓநாய்க்கு இரையாகப் போட்டு, பின் ஓநாயைத் தீயில் எரிக்கச் சொல்கிறது ஒரு பகுதி. இப்படிப்பட்ட படிமங்களில் மனித மனத்தின் ஆழத்தைத் தேடினார் உளவியலாளர் யுங். அவரது ‘உளவியலும் ரசவாதமும்’ 1944இல் வெளிவந்தது. உலையருகே வைத்துப் படித்தால் பொருள் வேறு. அரசன் பொன், ஓநாய் அஞ்சனக்கல், அதாவது ஆண்டிமனியின் கந்தகத் தாது. கலப்படப் பொன்னை அதனோடு உருக்கும்போது செம்பையும் வெள்ளியையும் கந்தகம் பிடித்துக்கொள்ளும். பொன் ஆண்டிமனியோடு சேர்ந்து அடியில் இறங்கும். பிறகு கடுந்தீயில் ஆண்டிமனி புகைந்து போக, சுத்தப் பொன் மிஞ்சும். செயல்முறை துல்லியமானது, வேடம்தான் கதை. சித்தர் நூல்களின் பரிபாஷையோடு பழகிய தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. அந்நூல்கள் பேசும் முப்பு என்பது எந்தப் பொருள் என்று சித்த மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆனால் எல்லாக் குறியீடுகளும் இப்படி அவிழ்வதில்லை. உலையைத் தொடாமல் முன்னோரின் உவமைகளைத் தொகுத்து நூல் செய்தவர்களும் உண்டு. வாலண்டைனே 15ஆம் நூற்றாண்டுத் துறவி என்று சொல்லப்பட்டாலும், அவர் பெயரிலான நூல்கள் 1599 முதல்தான் அச்சில் வந்தன. அப்படியொரு துறவி இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

ஜார்ஜ் ஸ்டார்க்கியின் வழக்கு இன்னும் சுவையானது. பெர்முடாவில் பிறந்து, ஹார்வர்டில் படித்து, 1650இல் லண்டன் வந்தவர் அவர். தம் சோதனைக் குறிப்பேடுகளில் எடை, செயல்முறை, தோல்வி எல்லாவற்றையும் நேரடியாக எழுதினார். ஐரீனியஸ் பிலலீதிஸ் என்ற புனைபெயரில் எழுதும்போது அதே சங்கதிகள் டிராகனாகவும் புறாவாகவும் உருமாறின. பெயர் பெற்றது பிலலீதிஸ்தான். நியூட்டன் ஊன்றிப் படித்ததும் அவரைத்தான். இரண்டு எழுத்தும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று அறிவியல் வரலாற்றாளர்கள் வில்லியம் நியூமனும் லாரன்ஸ் பிரின்சிபேவும் நிறுவிய பிறகு, ஒன்றை வைத்து மற்றொன்றைப் படிக்க வழி பிறந்தது.

பிரின்சிபே வேதியியலும் கற்றவர். பழைய குறிப்புகளைச் சோதனைச்சாலையில் செய்து பார்த்தார். வாலண்டைன் சொல்லும் மஞ்சள் நிற ஆண்டிமனிக் கண்ணாடி முதலில் அவருக்கு வரவில்லை. கடையில் வாங்கிய தூய ஆண்டிமனி சல்ஃபைடை வறுத்து உருக்கினால் சாம்பல் நிறக் கட்டிதான் கிடைத்தது. கிழக்கு ஐரோப்பியத் தாதை அப்படியே எடுத்துச் செய்தபோது கண்ணாடி வந்தது! தாதில் இயல்பாகவே கலந்திருந்த சிறிதளவு சிலிக்காதான் காரணம். எழுதியவர் பொய் சொல்லவில்லை. தம் தாதில் அழுக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. பிலலீதிஸ் முறைப்படி தயாரித்த பாதரசத்தைப் பொன்னோடு குடுவையில் அடைத்துச் சூடாக்கியபோதும் உலோகம் மரம்போல் கிளைத்தது. உலோகத்தைப் பொன்னாக்கும் ரசவாதக் கல் கிடைக்கவில்லைதான். ஆனாலும் உலோகம் வளர்வதைக் கண்ணால் கண்ட ஒருவர், உலையை அணைக்காமல் மேலே முயன்றதற்கு அதைவிட என்ன காரணம் வேண்டும்?

அறிவியலுக்கும் ரசவாதத்துக்கும் நடுவிலான கோடு பின்னர் வேகமாக விழுந்தது. பொன், வெள்ளியைப் பெருக்குவதைத் தடைசெய்த 1404ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் 1689இல் நீங்கியதில் வேதியியலாளர் ராபர்ட் பாயிலுக்கே பங்கு உண்டு; அதுவரை கோடு விழவில்லை. ஆனால் 1722இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் எத்தியேன் ழெஃப்ராய், பொன் செய்வதாகக் காட்டிய ஏமாற்றுக்காரர்களின் உத்திகளை அம்பலப்படுத்தினார். இரட்டை அடி வைத்த மூசைகள் அவற்றில் ஒன்று. அந்த நூற்றாண்டிலேயே வேதியியல் மதிப்பும், ரசவாதம் மோசடிப் பட்டமும் பெற்றன. நவீன வேதியியலின் தந்தை என்று பாயில் நிலைபெற்றார். உலோக மாற்றம் பற்றி அவர் எழுதிய உரையாடலோ தாள்களில் சிதறிக் கிடந்தது. பிரின்சிபே அதை ஒன்றுசேர்த்து 1998இல் வெளியிட்டார்.