துருவும் நசுங்கலும்: ஒரு ஜப்பானியக் காரின் உடல் வரலாறு

கலூரிலும் அதைச் சுற்றியுள்ள சாலைகளிலும் பணிமனைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடப்பவர் கண்ணில் ‘டிங்கரிங்’ என்ற சொல் தவறாமல் படும். இங்கு மலையாள எழுத்தில். மதுரையிலோ கோவையிலோ என்றால் தமிழெழுத்தில். ஆங்கிலத்தில் ‘டிங்கர்’ என்பவர் ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுத்தவர். நம் தெருக்களில் ஈயம் பூச வந்தவரின் பங்காளி எனலாம். காரின் உடலைத் தட்டி நிமிர்த்தும் வேலைக்கு இங்கிலாந்தில் இச்சொல் வழங்குவதில்லை. அங்கு அது ‘பேனல் பீட்டிங்’. தன் தாய்மொழியில் பெறாத ஒரு தொழிற்பொருளை அச்சொல் தென்னிந்தியாவில் பெற்றிருக்கிறது. அப்பொருள் பொருத்தமானதுங்கூட. பாத்திரமானாலும் காரானாலும், மெல்லிய தகட்டில் விழுந்த ஓட்டையை அடைப்பதுதானே வேலை?

அந்த ஓட்டையை உண்டாக்குவதன் பெயரும் கவனிக்கத்தக்கது. தமிழில் பேய் பிடிப்பதுபோலத் துரு பிடிக்கிறது. மலையாளத்தில் இரும்பு ‘துரும்பு’ எடுக்கிறது. நமக்குத் துரும்பு என்றால் வைக்கோல் துணுக்கு, அவர்களுக்கு அதுவே துருவும். வேதியியலைக் கேட்டால் மலையாள வினையே உண்மைக்கு அருகில் நிற்கிறது என்று தோன்றுகிறது. வெளியிலிருந்து ஏதோ வந்து இரும்பைப் பற்றுவதில்லை. இரும்பு தன் மின்னணுக்களை இழந்து, நீரையும் உயிர்வளியையும் தானே எடுத்துக்கொண்டு, உலைக்கு வருமுன் இருந்த கனிம நிலைக்குத் திரும்புகிறது.

இப்பதிவு பேச முனைவது ‘டாட்சன் 240 இசட்’ என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் துருவையும் அதைச் சீரமைத்த வரலாற்றையும். எந்தச் சேதம் வரலாறு, எந்தச் சேதம் வெறும் அழுக்கு என்ற கேள்வி இந்தக் காரின் கதையில் கூர்மையாக எழுகிறது. அக்கேள்வி இன்று இந்தியாவில் சட்ட வடிவமும் பெற்றிருப்பதால், இது கார் ஆர்வலர்களுக்கு மட்டுமான செய்தி அன்று.

முதலில் பெயர். டென், அவோயாமா, டக்கேயுச்சி என்ற மூன்று முதலீட்டாளர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1914-இல் ‘டாட்’ என்றொரு கார் ஜப்பானில் உருவானது. 1931-இல் அதன் சிறிய வடிவத்திற்கு ‘டாட்டின் மகன்’ என்னும் பொருளில் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து ‘டாட்சன்’ என்று பெயரிட்டனர். ஆனால் ஜப்பானிய மொழியில் ‘சொன்’ என்ற ஒலிக்கு நட்டம் என்று பொருள். எனவே விரைவிலேயே மகனை நீக்கிவிட்டு, ஆங்கிலத்தில் சூரியனைக் குறிக்கும் சொல்லை அங்கு வைத்தனர். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறோம். ஜப்பானியருக்கு அந்த ஓர் உயிரொலியில்தான் இலாபமும் நட்டமும் இருந்தன.

240 இசட்டின் ஜப்பானியப் பெயர் ‘ஃபேர்லேடி இசட்’. நிசான் நிறுவனத்தின் தலைவர் கவாமாத்தா அமெரிக்காவில் ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகத்தைப் பார்த்து மகிழ்ந்ததன் நினைவாக அந்நிறுவனத்தின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அப்பெயர் வந்தது. பெர்னாட் ஷாவின் நாடகத்திலிருந்து பிறந்த அந்த இசை நாடகத்தின் நாயகர் ஓர் ஒலியியல் பேராசிரியர். மொழியியல் படித்தவர்கள் இத்தகவலைத் தங்கள் துறைக்குக் கிடைத்த மிக அரிய விளம்பரமாகக் கொள்ளலாம். அமெரிக்காவில் நிசான் விற்பனைக்குப் பொறுப்பேற்றிருந்த யுத்தாகா கத்தாயாமா அப்பெயரை அங்கு எவரும் மதிக்கமாட்டார்கள் என்று கருதி, பெயர்த்தகட்டை நீக்கச் செய்து, 2400 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் குறிக்கும் எண்ணை மட்டும் வைத்தார்.

1969-இன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த அந்தக் கார் 1970-இல் அமெரிக்காவில் 3,526 டாலருக்கு விற்கப்பட்டது. ஆறு சிலிண்டர், நீண்ட முகப்பு, ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்கள் கேட்ட விலையில் ஒரு பகுதி. 1978 வரை அவ்வரிசையில் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் உருவாயின. அந்த மலிவு விலைக்குள் அடங்காத ஒன்று துருக்காப்பு. உடற்கூட்டின் தகடுகள் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டவை. பிற்காலக் கார்களில் வழக்கமாகிவிட்ட துத்தநாகப் பூச்சு அவற்றில் இல்லை. பெட்டிபோல் மூடிய உட்குழிவுகளுக்குள் வண்ணப்பூச்சு சரிவரச் சென்று சேரவும் இல்லை. பனி உருக உப்பைக் கொட்டும் வட அமெரிக்கச் சாலைகளில், சில குளிர்காலங்களுக்குள் கார் அடியிலிருந்து கரையத் தொடங்கியது.

அது எங்கெங்கே கரையும் என்பதை இன்றைய சீரமைப்பாளர்கள் மனப்பாடமாக அறிவார்கள். முன்கண்ணாடிக்குக் கீழுள்ள குழிவில் இலைச்சருகு அடைத்து நீர் தேங்கும். அது உள்ளே வழிந்து கால்வைக்கும் தரையை அரிக்கும். பேட்டரி அமரும் தட்டை அமிலக் கசிவு தின்னும். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் உட்குழிவான விளிம்புப் பகுதி, பின்சக்கர வளைவில் இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பு, தரைக்கு அடியில் ஒட்டவைத்த நீண்ட தாங்குதண்டுகள் ஆகிய மூன்றும் தப்பவே தப்பா. துரு தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும். எனவே மடிப்புக்குள் உண்டானால் அது தகடுகளை நெம்பிப் பிரிக்கும். பிரிந்த இடைவெளியில் மேலும் நீர் புகும். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடலேதான் எலும்பும். விளிம்பு கரைந்தால் அழகு மட்டும் போவதில்லை, கார் நடுவில் தொய்ந்துவிடும்.

கடலோரத்தில் வாழும் நமக்கு இந்தக் கதையைப் புரிந்துகொள்ள வட அமெரிக்கா தேவையில்லை. கொச்சியில் உப்பைச் சாலையில் கொட்டவேண்டிய அவசியமில்லை, காயல் காற்றே கொண்டுவந்து தருகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் நீரில் நின்ற கார்களை ‘டோட்டல் லாஸ்’ என்று காப்பீட்டு மொழியில் எழுதிக் கைகழுவினார்கள். ஜப்பானியரின் ‘சொன்’ நினைவுக்கு வருகிறது. வள்ளல் அழகப்பர் அளித்த நிலத்தில் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இந்தியாவின் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கப்படுகிறது என்று காட்டும் வரைபடத்தையே தயாரித்தது. மண்டபத்தில் அதற்கென்று ஆய்வு நிலையம் வைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திக் கணக்கெடுத்துவருகிறது.

இனி வேலை. துருப்பிடித்த கூட்டைச் சீரமைப்பவர் முதலில் செய்வது வெட்டுவதன்று, தாங்குவது. கதவு வாய்களுக்குள் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்துக் கூட்டை அசையாமல் பிணைத்த பிறகே விளிம்பை வெட்டலாம். இல்லையேல் புதிய தகடு பொருந்தும், கதவு பொருந்தாது. பிறகு துரு எவ்வளவு ஆழம் என்று காணவேண்டும். கண்ணுக்குத் தெரிவது கால்பங்குகூட இராது. மேற்பரப்புத் துருவானால் பாஸ்பாரிக் அமிலமோ டானின் கரைசலோ போதும். டானின் துருவோடு சேர்ந்து கருநிறச் சேர்மமாகி நிற்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே வினைதான். ஓட்டை விழுந்த இடத்தில் மருந்து பலிக்காது. நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டி, அதே வளைவில் தகட்டைத் தட்டி உருவாக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைக்கவேண்டும். ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் வெப்பத்தில் தகடு நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு புள்ளி, ஒரு சாண் தள்ளி அங்கொரு புள்ளி, இடையில் ஆறவிடும் பொறுமை. சுத்தியல் வெளியே அடிக்க, உள்ளே டாலி என்னும் இரும்புக்கட்டி தாங்க, உலோகம் மெல்ல மெல்லப் பழைய வடிவை அடைகிறது. எல்லாம் முடிந்தபின் உட்குழிவுகளுக்குள் மெழுகு பீய்ச்சவேண்டும். 1969-இல் தொழிற்சாலை செய்யாமல் விட்டது அது.

குறுக்குவழியும் உண்டு. துருவின்மேலேயே ஒட்டுத்தகடு வைத்து, பட்டி பூசி, தேய்த்து, வண்ணமடித்துவிடலாம். இரண்டு மழைக்காலம் தாங்கும். பழைய காரை வாங்குவோர் சிறு காந்தம் ஒன்றைக் கையில் கொண்டு செல்வது இதற்காகவே: பட்டி தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது.

வண்ணத்தையும் துருவையும் நீக்க மணலை வீசியடிக்கும் முறையைப் பற்றித் தமிழ் வாசகருக்கு நினைவூட்டவேண்டியதில்லை. திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணல்வீச்சு நடத்தி, கல்வெட்டு எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, கடும் எதிர்ப்புக்குப் பின் அது தடைசெய்யப்பட்டது நமக்குத் தெரியும். மெல்லிய தகட்டிலும் அம்முறை ஆபத்தானதே. தகடு சூடேறி வீங்கும். உலோகத்திலும் எழுத்துண்டு: தொழிற்சாலைப் பணியாளர் சுண்ணக்கோலால் இட்ட குறி, முதல் வண்ணத்தின் அடுக்கு, முன்னொருநாள் யாரோ செய்த பித்தளைப் பற்றவைப்பு. இவையெல்லாம் அழுக்கோடு சேர்ந்து போய்விடும்.

இங்குதான் சஃபாரி கார் வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் 1971-ஆம் ஆண்டு எட்கர் ஹெர்மனும் ஹான்ஸ் ஷூலரும் 240 இசட்டில் வென்றனர். 1973-இல் அதே வகைக் காரில் வென்றவர் சேகர் மேத்தா. உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். 1972-இல் இடி அமின் ஆசியர்களை வெளியேற்றியபோது கென்யாவுக்குப் பெயர்ந்தவர். சக டாட்சன் ஓட்டுநர் ஹாரி ஷெல்ஸ்ட்ரோமோடு புள்ளிகளில் சமநிலை கண்டு, விதிமுறையின் நூலிழையில் வெற்றி பெற்றார். பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை வென்று, அப்பந்தயத்தை ஐந்து முறை வென்றவரானார். இந்தியப் பெயர் ஒன்று உலகப் பந்தய வரலாற்றில் இவ்வளவு உயரத்தில் இருந்தும் நம் பள்ளிக்கூடப் பொது அறிவு நூல்களில் அது இடம்பெறாதது எனக்கு எப்போதும் வியப்பே.

1971-இல் வென்ற காரை நிசான் ஜப்பானுக்குக் கொண்டுசென்று பாதுகாத்தது. 2013-இல் அந்நிறுவன ஊழியர்களின் சீரமைப்புக் குழு அதை மீண்டும் ஓடவைத்தது. எஞ்சினும் இயங்குறுப்புகளும் உயிர்பெற்றன; ஆனால் ஆப்பிரிக்கப் பாதையில் நசுங்கிய முகப்பையும் பக்கங்களையும் நிமிர்த்தி மெருகேற்றவில்லை. நசுங்கல் அங்கு ஆவணமாக மதிக்கப்பட்டது. இதே நிறுவனம் 1997-இல் அமெரிக்காவில் பழைய 240 இசட் கார்களை வாங்கி, புதிதுபோல் ஆக்கி, விற்பனையகங்களில் ஏறத்தாழ 25 ஆயிரம் டாலருக்கு விற்றுப் பார்த்தது. ஐம்பது கார்களைக்கூட எட்டாமல் திட்டம் நின்றது. ஒரே வகைக் கார், ஒரே நிறுவனம், இரண்டு கொள்கைகள்.

நசுங்கலை அப்படியே விடலாம், துருவை விடமுடியாது என்பது இதற்கு எளிய விடை. நசுங்கல் நடந்து முடிந்த நிகழ்ச்சி, துரு நடந்துகொண்டிருப்பது. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்திற்குச் செம்பில் உறையும் களிம்பை உவமையாக்கியது; வேதியியல் நோக்கில் அக்களிம்பு செம்பைப் போர்த்திக் காக்கவும் செய்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது, உதிர்வது. டெல்லி இரும்புத் தூண் அரிய விலக்கு. அதன் பாஸ்பரசு மிகுந்த இரும்பின்மேல் படிந்த காப்புப் படலத்தை விரிவாக ஆராய்ந்தவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம், அப்படலத்தில் அவர் சுட்டிய ‘மிசாவைட்’ என்ற சேர்மத்தின் பெயர் துருவை ஆராய்ந்த மிசாவா என்ற ஜப்பானிய அறிஞரிடமிருந்து வந்தது. ஜப்பானியக் காரின் தகட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

ஆயினும் வெட்டியெறிவதால் துருவின் சாட்சியம் பொய்யாகிவிடாது. நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மாருதி 800 ஸ்போர்ட்ஸ் கார் அன்று. ஆனால் ஜப்பானிய உடற்கூட்டை நம் டிங்கரிங் பணிமனைகள் பெருமளவில் கையாளத் தொடங்கியது அதன் வரவோடுதான். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தியிடமிருந்து பெற்றவர் ஹர்பால் சிங். 47,500 ரூபாய்க் கார், எண் டி.ஐ.ஏ. 6479. 2010-இல் அவர் காலமான பின் அது டெல்லி கிரீன் பார்க்கில் வீட்டுவாசலில் நின்று துருவேறியது. இன்று அது மீட்கப்பட்டு, மாருதி சுசூகியின் தலைமையகத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. காப்பாற்றியது நன்று, தெருவில் கிடந்திருந்தால் மண்ணாகியிருக்கும். ஆனால் இந்தியத் தொழில்துறையின் அடையாளச் சின்னம் ஒன்று பல மழைக்காலங்கள் கேட்பாரற்று நின்றது என்ற செய்தியும் அந்தத் துருவில்தான் எழுதியிருந்தது. இப்போது அதைப் படிக்கக் காரிடம் போகமுடியாது. பழைய ஒளிப்படங்களிடம்தான் போகவேண்டும்.

சட்டத்திற்கு வருவோம். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட தொன்மை ஊர்தி விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த கார் தன் மூல வடிவில் இருந்தால், ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறலாம். சட்டகத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ கணிசமான மாற்றம் செய்திருக்கக்கூடாது. கணிசம் என்பது எவ்வளவு? தரை முழுவதும், இரு விளிம்புகள், தாங்குதண்டுகள் என எல்லாம் புதுத்தகடாகிவிட்ட ஒரு 240 இசட் மூல வடிவம் உடையதா? வடிவம் அதே வடிவந்தான். இரும்பு அதே இரும்பு அன்று. ‘வடிவம்’ என்ற சொல்லை உருவம் என்று கொள்வதா, உடம்பு என்று கொள்வதா என்பது உரையாசிரியர்கள் மோதிக்கொள்ளத் தக்க இடம். அலுவலகத்தில் அதைத் தீர்க்கப்போகிறவரிடம் இருப்பது கண்ணும் காந்தமும் மட்டுமே. காந்தம் பட்டியைக் காட்டிக்கொடுக்கும். 1971-இன் தகட்டையும் சென்ற மாதத் தகட்டையும் அது ஒன்றாகவே பற்றும்.

என் கருத்தில், இதற்குத் தீர்வு பணிமனையில்தான் தொடங்கவேண்டும். வெட்டிய ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, எந்த இடத்தது என்று சீட்டுக் கட்டி, காரோடு ஒரு பெட்டியில் வைப்பது பெருஞ்செலவு அன்று. அகழாய்வுக் குழியில் பானையோட்டுக்குச் செய்வதுதான். அத்துடன் அதை வெட்டிய டிங்கரிங் மேஸ்திரியின் பெயரும், எந்த இடத்தில் எத்தனை கேஜ் தகடு இட்டார் என்பதும், அவர் தம் வாய்மொழியில் அவ்வேலையை என்ன சொல்லிக் குறிப்பிட்டார் என்பதும் அச்சீட்டில் இருந்தால், ஊர்தி வரலாறு எழுதுவோருக்கும் எங்களைப் போன்ற சொல் பொறுக்குவோருக்கும் அது போதும்.