குற்ற விகிதம் இடத்துக்கு இடம் மாறுவது ஏன்? கொள்ளேகால் வழக்குகள் காட்டும் உண்மை

கொள்ளேகால்: எந்த மாநிலத்தில் குற்றம் அதிகம், எந்த நகரம் பாதுகாப்பானது என்ற விவாதம், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் எழுகிறது. ஆனால் அந்த அறிக்கையில் இடம்பெறுவது காவல் நிலையங்களில் பதிவான குற்றங்கள் மட்டுமே. நடந்த குற்றங்கள் அனைத்தும் அதில் அடங்குவதில்லை. தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடகத்தின் கொள்ளேகால் வட்டாரத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் நடந்த சில வழக்குகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துகின்றன.

விகிதம் கணக்கிடப்படும் முறை

ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு எத்தனை குற்றங்கள் பதிவாகியுள்ளன என்பதே குற்ற விகிதம். 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கை 1953 முதல் வெளியிடப்பட்டு வருகிறது. 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தற்போது அதனைத் தயாரிக்கிறது.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 58,24,946 குற்றங்கள் பதிவாகின. அதாவது, ஒரு லட்சம் பேருக்கு 422.2 குற்றங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு மதிப்பிடப்பட்ட மக்கள்தொகையே இதற்குப் பயன்படுத்தப்படுகிறது.

ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றப் பிரிவுகள் இடம்பெற்றால், அவற்றுள் கடுமையான தண்டனைக்குரிய ஒரு குற்றம் மட்டுமே கணக்கில் சேர்க்கப்படும். கொலையும் கொள்ளையும் ஒன்றாக நிகழ்ந்த வழக்கு, கொலைப் பட்டியலில் மட்டும் இடம்பெறும்.

எண்ணிக்கை வேறு, விகிதம் வேறு

2022இல் அதிகக் கொலை வழக்குகள் பதிவான மாநிலம் உத்தரப் பிரதேசம். அங்கு 3,491 வழக்குகள் பதிவாகின. எனினும், மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டால் அம்மாநிலத்தின் கொலை விகிதம் 1.5 மட்டுமே. 1,550 வழக்குகள் பதிவான ஜார்க்கண்டில் விகிதம் 4.0 ஆக இருந்தது. தேசிய சராசரி 2.1.

கேரளத்தின் நிலை இதற்கு மாறானது. அங்கு ஒட்டுமொத்தக் குற்ற விகிதம் தேசிய சராசரியைவிட மிக அதிகம். ஆனால் கொலை விகிதம் தேசிய சராசரியில் பாதிக்கும் குறைவு. அதே ஆண்டில் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்ட விகிதம் கேரளத்தில் 96 சதவீதம். இது நாட்டிலேயே மிக அதிகம். புகார் அளிப்பதும் அதன் மீது நடவடிக்கை எடுக்கப்படுவதும் பரவலாக உள்ள இடத்தில் பதிவான குற்றங்களின் எண்ணிக்கையும் உயரும்.

காவல்துறையின் நடவடிக்கையே எண்ணிக்கையை உயர்த்துவதும் உண்டு. தமிழகத்தில் 2019இல் சுமார் 1.68 லட்சமாக இருந்த இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள், 2020இல் 8.91 லட்சமாக உயர்ந்தன. கொரோனா ஊரடங்கு விதிமீறல் தொடர்பான வழக்குகளே இதற்கு முக்கியக் காரணம்.

மாறிய எல்லைகள்

கொள்ளேகால் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்போது மைசூரு மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதன் ஒரு பகுதியானது. மலை மகாதேஸ்வரா மலை உள்ளிட்ட வனப்பகுதிகள் பின்னர் ஹனூர் வட்டமாகப் பிரிக்கப்பட்டன.

எனவே, 1997க்கு முந்தைய மைசூரு மாவட்டக் கணக்கில் கொள்ளேகால் அடங்கும். பிந்தைய கணக்கில் அடங்காது. இதனைக் கருதாமல் இரு காலகட்டங்களையும் ஒப்பிட்டால், குற்றம் குறைந்ததாகவோ கூடியதாகவோ தவறான முடிவு கிடைக்கக்கூடும்.

ஒரு சம்பவம், 17 உயிர்கள்

2018ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் தேதி, ஹனூர் பகுதியில் உள்ள சுல்வாடி கிராமத்தின் மாரம்மா கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தை உண்ட 17 பேர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

சாமராஜநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி 10.2 லட்சம். உயிரிழந்தோரின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், இந்த ஒரு சம்பவம் மட்டுமே மாவட்டத்தின் விகிதத்தில் சுமார் 1.7 புள்ளிகளைச் சேர்க்கிறது. அந்த ஆண்டில் தேசிய கொலை விகிதமே 2.2 தான். சம்பவங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், இது ஒரே ஒரு வழக்கு. மக்கள்தொகை குறைந்த மாவட்டத்தில் ஓராண்டு விகிதத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்பதற்கு இதுவே சான்று.

இரு மாநிலங்களில் பதிவான வழக்குகள்

சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பன், கர்நாடகம், தமிழகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களின் வனப்பகுதிகளில் இயங்கி வந்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி பாலாறு அருகே அவரது கும்பல் நிகழ்த்திய கண்ணிவெடித் தாக்குதலில் 22 பேர் கொல்லப்பட்டனர். இவ்வழக்கை மைசூரு தடா நீதிமன்றம் விசாரித்தது. கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பா 2002ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி கொள்ளேகால் அருகே காமகெரேயில் கடத்தப்பட்டு, டிசம்பர் 8ஆம் தேதி சடலமாக மீட்கப்பட்டார்.

கன்னட நடிகர் ராஜ்குமார் 2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி கடத்தப்பட்டு, 108 நாட்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டார். பெங்களூரு உள்ளிட்ட கர்நாடகப் பகுதிகளைக் கொந்தளிக்க வைத்த சம்பவம் அது. ஆனால் கடத்தல் நடந்த தாளவாடி அருகேயுள்ள தொட்டகாஜனூர் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், வழக்கு தமிழகத்தில் பதிவாகி கோபிசெட்டிபாளையம் நீதிமன்றத்தில் நடந்தது. ஒரே வனப்பரப்பில் ஒரே கும்பல் செய்த குற்றங்கள், சம்பவ இடத்தைப் பொறுத்து வெவ்வேறு மாநிலங்களின் கணக்கில் சேர்ந்தன.

கணக்கில் வராத குற்றங்கள்

வீரப்பன் 2004ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிய இரு மாநில அதிரடிப்படையினர், மலைக் கிராம மக்களைச் சித்திரவதை செய்ததாகப் புகார்கள் எழுந்தன. நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணைக்குப் பின், 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கத் தேசிய மனித உரிமைகள் ஆணையம் பரிந்துரைத்தது.

இதே காலகட்டத்தில், தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி சந்தன மரம் தேடும் பெயரில் சென்ற அரசுப் பணியாளர்கள், பழங்குடியின மக்களைத் தாக்கி 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தனர். நீண்ட போராட்டத்துக்குப் பின், 1995இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் இவ்வழக்கு சிபிஐ வசம் சென்றது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி, உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2023இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. உள்ளூரில் வழக்கே பதிவாகாத நிலையில், சம்பவம் நடந்த ஆண்டின் புள்ளிவிவரத்தில் அந்தக் குற்றங்கள் இடம்பெற வழியில்லை.

பதிவை உறுதி செய்யும் சட்டம்

கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என, லலிதா குமாரி வழக்கில் 2013ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, சம்பவம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். பூஜ்ஜிய எஃப்ஐஆர் எனப்படும் இந்த முறையில் பதிவாகும் வழக்கு, உரிய காவல் நிலையத்துக்கு மாற்றப்படும். எல்லையோரக் கிராம மக்களுக்கு இது முக்கியமான உரிமையாகும்.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

* மொத்த எண்ணிக்கையைக் காட்டிலும், ஒரு லட்சம் பேருக்கான விகிதத்தையே ஒப்பிட வேண்டும்.

* கொலை எளிதில் மறைக்க முடியாத குற்றம் என்பதால், வெவ்வேறு பகுதிகளை ஒப்பிட ஒட்டுமொத்தக் குற்ற விகிதத்தைவிடக் கொலை விகிதம் நம்பகமானது.

* பெண்களுக்கு எதிரான குற்றங்களின் விகிதம், புகார் அளிக்க முன்வருவோரின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 2022இல் இது டெல்லியில் 144.4, தேசிய சராசரி 66.4. குறைந்த விகிதம் பதிவான இடம் பாதுகாப்பானது என்று அதனை மட்டும் கொண்டு கூற இயலாது.

* சிறிய மாவட்டங்களுக்கு ஓராண்டு கணக்குக்குப் பதிலாக, பல ஆண்டுகளின் சராசரியைப் பார்க்க வேண்டும்.

* மாவட்ட எல்லை, சட்டப் பிரிவு, பதிவு முறை ஆகியவை இடையில் மாறியுள்ளனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.