கேத்தியில் பிறந்த கொக்கி

நீளம் 15 சென்டிமீட்டர். சாம்பல் நிற அலுமினியம். ஒரு முனை மொட்டை, மறுமுனையில் கிளிமூக்கு மாதிரி ஒரு வளைவு. கட்டைவிரல் உட்கார நடுவில் தட்டையாக ஓர் இடம், அதில் 4 மி.மீ. என்ற அளவும் ‘போனி’ என்ற பெயரும். பெங்களூர் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், கம்பளி நூல் உருண்டைகள் கூரை வரை அடுக்கியிருந்த கடையில் வாங்கினேன். ஒரு மசால் தோசையின் விலைகூட இல்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் ஆன்ட்டி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு இறக்கிய பிறகு மெட்ராஸ் பட்டாளத்தின் பின்னால் வந்து ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நான்கையும் ஒரே வாக்கியத்தில் கலப்பார். திட்டுவதற்கு மட்டும் தமிழ். குரோஷா என்கிற கொக்கிப் பின்னல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் கொக்கியைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“போனியா? நம்ம ஊட்டிச் சரக்கு. இது போதும் கண்ணு. முதல்ல கையைப் பழக்கு.”

ஊட்டி என்று அவர் சொன்னது ஏறக்குறைய சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலில் லவ்டேலுக்கு முந்திய நிலையம் கேத்தி. அங்கே எல்லநள்ளியில் இருக்கிறது போனி கொக்கி செய்யும் நீடில் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆலை. 1949-இல் இங்கிலாந்தின் ஸ்டட்லியில் இருந்த ஓர் ஊசிக் கம்பெனியின் பிள்ளையாகத் தொடங்கியது. ஸ்டட்லியும் பக்கத்து ஊரான ரெட்டிச்சும் உலகத்துக்கே ஊசி செய்து கொடுத்த ஊர்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் அந்தத் தொழில் இறங்கி, தையல் ஊசி, ஸ்வெட்டர் ஊசி, குரோஷாக் கொக்கி என்று இன்றுவரை வெளிவந்துகொண்டிருக்கிறது.

இந்த ஆலைக்கு ஒரு வழக்கு உண்டு. கம்பெனிச் சட்டம் படிக்கும் பிள்ளைகள் அதைப் படிக்காமல் பரீட்சைக்குப் போகமாட்டார்கள். 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டார் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டிய கட்டாயம். 1977-இல் இங்கிருந்த இயக்குநர்கள் புதிய பங்குகளை வெளியிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கு அனுப்பிய கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது விண்ணப்பிக்கும் கெடு முடிந்துவிட்டிருந்தது. வெள்ளைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். 1981-இல் உச்ச நீதிமன்றம், இது ஒடுக்குமுறை ஆகாது, ஆனாலும் குறைந்த விலைக்குப் பங்கு வாங்கியதில் கிடைத்த லாபத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றது. ஊசி முனையளவு நிலத்துக்குப் போர் நடந்த கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இது ஊசிக்கே நடந்த போர். கொக்கி நம்மவர் கையில் தங்கியது.

கொக்கியைக் கேத்திக்கு அனுப்பியது இங்கிலாந்து. அந்த இங்கிலாந்துக்கு அது எங்கிருந்து போனது?

ஃபிரேசர் டவுன் தையற்கடைகளில் கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறவர்களைப் பாருங்கள். துணியைச் சட்டத்தில் முரசுத் தோல் போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேலிருந்து ஒரு கொக்கி ஊசி இறங்கும், அடியிலிருக்கும் நூலைக் கவ்விக்கொண்டு மேலே வரும். கண்ணிக்குள் கண்ணியாகச் சங்கிலித் தையல் ஓடும். கட்ச்சில் செருப்பு தைக்கும் மோச்சிகள் தோலைத் தைத்த ஊசியாலேயே பட்டிலும் பூ வேலை செய்தார்கள். அங்கே அதற்கு மோச்சி வேலை என்றே பெயர். கிழக்கேயிருந்து போன இந்த வேலைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் தம்பூர் என்று பெயர் வைத்தார்கள். தம்பூர் என்றால் அவர்கள் மொழியில் முரசு. பிறகு யாரோ ஒருத்தி அடியிலிருந்த துணியை எடுத்துவிட்டு வெறும் நூலிலேயே கண்ணி கோத்துப் பார்த்திருக்க வேண்டும். குரோஷா அப்படித்தான் பிறந்தது என்பது பின்னல் வரலாறு எழுதியவர்களில் ஒரு சாராரின் ஊகம். ஆரி ஊசியையும் என் கொக்கியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அதில் சந்தேகம் எழவில்லை. மூக்கு அப்படியே பாட்டியுடையது.

முதல் நாள் பாடம் கொக்கியைப் பிடிப்பது. நான் பேனா மாதிரி பிடித்தேன். ஆன்ட்டி காய் நறுக்கும் கத்தி மாதிரி பிடிப்பவர். இரண்டும் சரிதான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் ஆனது. அடுத்தது செயின்: கொக்கியில் நூலைச் சுற்று, இருக்கிற கண்ணிக்குள் இழு. அவ்வளவுதான். இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னும்போது ஊசி நிறையக் கண்ணிகள் உயிரோடு காத்திருக்கும், ஒன்று நழுவினால் ஓட்டை கீழே வரை ஓடும். குரோஷாவில் உயிரோடிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. தப்பு செய்தால் நூலைப் பிடித்து இழுத்தால் போதும், தப்பு நடந்த இடம் வரை சரசரவென்று பிரிந்து வந்துவிடும். எனக்குக் கைவந்த முதல் வித்தை அதுதான்.

முதன்முதலாக எதைப் பின்னுவது? என் ஆசை ஒரு யானைப் பொம்மை. போனில் பார்த்திருந்தேன், காது ஆட்டும். ஆன்ட்டி சிரித்தார். பொம்மை நடுவில் ஒரு வளையத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வளரும், இறுக்கமாகப் பின்ன வேண்டும், எந்தக் கண்ணியில் குத்துகிறோம் என்பதே புதியவர் கண்ணுக்குத் தெரியாது. மஃப்ளர் பின்னட்டுமா என்றேன். “முடிக்க மாட்டே. பாதியில சலிச்சுப் பரண்ல போடுவே.” கடைசியில் அவர் சொன்னது டம்ளர் வைக்கும் சதுரம். ஓர் உட்காரலில் முடியும், கோணலாகப் போனாலும் டம்ளருக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது. இருபத்தொரு செயின் போட்டு, வரிசைக்கு இருபது என்று தொடங்கினேன். பத்தாவது வரிசையில் எண்ணிப் பார்த்தால் பதினான்கு. சதுரம் சமோசாவாகிக்கொண்டிருந்தது. வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் மடங்கி ஒளிந்துகொள்ளும், புதிதாகப் பின்னுகிறவர் எல்லோரும் அதைத் தவற விடுவார்களாம். அடர் நீல நூல் வேறு வாங்கியிருந்தேன், கண்ணியே தெரியவில்லை. ஆன்ட்டி அதைப் பறிமுதல் செய்துவிட்டு வெளிர் மஞ்சள் கொண்டுவரச் சொன்னார். வரிசையின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் சிவப்பு நூல் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டார். அதன்பின் ஓரம் ஓடவில்லை.

அடுத்த குழப்பம் என்னுடையதல்ல. ஆன்ட்டி ‘டபுள்’ போடு என்றார். வீட்டுக்கு வந்து போனில் பார்த்து டபுள் போட்டேன். மேலே கொண்டுபோய்க் காட்டினால், “இது ட்ரெபிள்மா, டபுள் எங்கே?” என்கிறார். இரண்டு நாள் இந்தச் சண்டை நடந்தது. பிறகுதான் விளங்கியது: பிரிட்டிஷ்காரருக்கு டபுள் என்பது அமெரிக்கருக்கு சிங்கிள், அமெரிக்க டபுள் பிரிட்டனில் ட்ரெபிள். ஆன்ட்டி கற்றது கான்வென்ட் சிஸ்டர்களிடம். நான் கற்பது அமெரிக்காக்காரி போடும் வீடியோவில். பின்னல் ஒன்று, பெயர் இரண்டு. புத்தகமோ வீடியோவோ, அதில் ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு; இன்றைய பிரிட்டிஷ் கணக்கில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

கான்வென்டுகளுக்குக் குரோஷா வந்த வழியில் பட்டினி இருக்கிறது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. பல லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். கார்க் நகருக்கருகே கன்னியாஸ்திரீகள் மடத்திலும், 1847-இல் க்ளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியார் மனைவி கசாண்ட்ரா ஹேண்டும், பெண்களுக்குக் கொக்கியைக் கொடுத்து லேஸ் என்கிற ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அது விற்று வீட்டில் உலை கொதித்தது. கையில் ஒரு கொக்கியும் நூலும் இருந்தால் போதும், பெண்ணுக்குப் பிழைப்பு என்ற எண்ணம் மிஷனரிகளோடு ஊர் ஊராகப் போனது. பெங்களூருக்கு 1854-இல் பிரான்சிலிருந்து குட் ஷெப்பர்ட் சகோதரிகள் வந்தார்கள். ‘குரோஷே’ அவர்கள் தாய்மொழிச் சொல்; சின்னக் கொக்கி என்று பொருள்.

நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் 1820-களிலேயே ரேந்தைப் பள்ளி நடத்தினாரே என்று குமரி வாசகர்கள் கேட்பார்கள். அது தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு நெய்வது. கொக்கி வேலை அல்ல. ரேந்தை என்ற சொல்லே போர்ச்சுகீசியர் விட்டுப்போனது. கொக்கி பெரிதாக வேரூன்றிய ஊர் கோதாவரிக் கழிமுகத்தின் நரசாப்பூர். மக்ரே என்ற ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதி 1844-இல் அங்கே பின்னல் கற்றுக்கொடுத்ததாக வரலாறு. ஏராளமான பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து உலகச் சந்தைக்குப் பின்னினார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். நாளெல்லாம் உழைத்தும் அவர்கள் ‘சும்மா வீட்டில் இருக்கிறவர்கள்’ என்றே கணக்கில் வந்தார்கள், கூலியும் அந்தக் கணக்கில்தான் வந்தது என்பது அவர் சொன்ன விஷயம். 2024-இல் நரசாப்பூர் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கூலிக்கு என்ன குறியீடு என்று கேட்கத் தோன்றுகிறது. குரோஷாவை அச்சாகப் பின்னும் இயந்திரம் இன்றுவரை ஆலைகளுக்கு வரவில்லை. மாலில் 600 ரூபாய்க்குத் தொங்கும் குரோஷா டாப்பை எங்கோ ஒரு கை உட்கார்ந்து பின்னியிருக்கிறது. விலைச் சீட்டைப் பார்த்து மலிவென்று மகிழ்வதற்கு முன் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சதுரம் நான்கு தேறியதும் ஆன்ட்டி தன் பழைய நூல்கண்டுகளை எடுத்தார். ஆங்கர் நூல், சீட்டில் மதுரா கோட்ஸ் என்ற பெயர். கோட்ஸ் குடும்பம் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் நூல் முறுக்கிப் பெரிதானது. நம் பட்டுச்சேலை மாங்காயை வெள்ளைக்காரர் ‘பெய்ஸ்லி’ என்று அழைப்பதும் காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து நெய்த அந்த ஊரால்தான். இந்தப் பக்கம் மதுரை மில்லைத் தொடங்கியவர்கள் ஹார்வி சகோதரர்கள். அவர்கள் நிர்வாகத்திலிருந்த தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908-இல் வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்தினார். 1974-இல் மதுரா மில்லும் கோட்ஸும் ஒன்றாயின. கேத்தி வழக்கில் எதிர்த்தரப்பில் நின்ற இங்கிலாந்துப் பங்கிலும் கோட்ஸுக்குப் பாதி இருந்தது. கொக்கியும் நூலும் சொந்தக்காரர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நூல் மெல்லியது, அதற்கு ஒரு மில்லிமீட்டர் எஃகுக் கொக்கி வேண்டும். எனக்கு ஆறு மாதம் கழித்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தடித்த பருத்தி நூலைக் கொடுத்தார். அக்ரிலிக் வேண்டாம் என்றார். சூடான பாத்திரம் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். பின்ன வேண்டியது ஜாடி மூடி. பெங்களூர்த் தண்டு (கன்டோன்மென்ட்) வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: பால் ஜாடி மேல் வட்டமாக ஒரு வலை, ஓரமெல்லாம் கண்ணாடி மணிகள். மணியின் கனம் வலையைக் கீழே இழுத்துப் பிடிக்கும், ஈ உள்ளே போகாது. காற்றுக்குப் பறக்காது. ஃபிரிட்ஜ் வராத காலத்தின் பொறியியல்.

சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு, பலர் தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்து 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸில் ஏறியது. என் வட்டத்தின் குறுக்களவு 14 சென்டிமீட்டர். ஆறு முறை பிரித்தேன். வட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். குறைவாகக் கூட்டினால் கிண்ணமாகும், அதிகமாகக் கூட்டினால் பாவாடை ஓரம் போல நெளியும். என்னிடம் கிண்ணமும் பாவாடையும் வந்து முடிந்த பிறகே வட்டம் வந்தது.

முடித்து மாடிக்கு எடுத்துப் போனேன். ஆன்ட்டி அதை விரல்மேல் கவிழ்த்துச் சுற்றிப் பார்த்தார், உதடு அசைய மணிகளை எண்ணினார்.

“பதினாறு இருக்கணும். பதினஞ்சுதான் இருக்கு.”

பிரித்துவிடட்டுமா என்றேன். “விடு” என்று சொல்லிவிட்டுத் தன் தயிர்ப் பாத்திரத்தின் மேல் போட்டுக்கொண்டார். ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.