சம்மன் என்றால் ‘வா’ என்றுதான் பொருள்

கெடாவில், சுங்கை பட்டாணியின் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரு காரும் மோட்டாரும் உரசிக்கொண்டால், கூடி நிற்பவர்கள் கேட்பது “தப்பு யாருது?” என்றல்ல, “சம்மன் யாருக்கு?” என்றுதான். சம்மன் வாங்கியவர் தோற்றவர், வாங்காதவர் ஜெயித்தவர். பேச்சு அத்தோடு முடிந்தது. தோட்டங்களிலிருந்து தொழிற்சாலைகளுக்கு வந்த நம் மக்களிடம் இந்தக் கணக்கு நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் இது சட்டத்தின் கணக்கு அல்ல. சம்மன் என்ற சொல்லே அதற்கு முதல் சாட்சி. நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் அழைப்பாணைக்குத்தான் அந்தப் பெயர். மலாயில் அது ‘சாமான்’ ஆகி, நாளடைவில் அபராதச் சீட்டையே குறிக்கத் தொடங்கியது. வந்து பதில் சொல் என்ற அழைப்பைத் தீர்ப்பாக நினைத்துக்கொண்டதில்தான் குழப்பத்தின் வேர் இருக்கிறது.

மோதலில் யார் நட்டம் கொடுப்பது என்ற கேள்வி காரைவிடப் பழையது. 1809-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் வீடு பழுதுபார்த்த ஒருவர் சாலையின் ஒரு பகுதியை மறித்து ஒரு கம்பத்தைப் போட்டிருந்தார். அந்தி வேளையில் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தவர் அதில் மோதி விழுந்தார். கம்பம் போட்டது தவறுதான், ஆனால் நிதானமாக வந்திருந்தால் கம்பம் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லி, விழுந்தவருக்கு ஒரு காசும் இல்லை என்றது நீதிமன்றம். தன் பங்குக்குச் சிறு பிழை இருந்தாலும் முழு நட்டமும் தன் தலையில். இந்தக் கடுமை நீதிபதிகளுக்கே உறுத்தியிருக்க வேண்டும். 1842-இல் முன்னங்கால் கட்டி சாலையில் விடப்பட்ட ஒரு கழுதையை வண்டி ஏற்றிக் கொன்ற வழக்கில் கழுதைக்காரர் ஜெயித்தார். வண்டிக்காரர் நினைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது காரணம். (சாலைச் சட்டத்துக்கு அந்தக் கழுதை செய்த தொண்டு சாதாரணமானதல்ல.) இவ்வளவுக்குப் பிறகும் பழியைப் பங்கு போடும் சட்டம் இங்கிலாந்தில் 1945-இல்தான் வந்தது. கெடாவோ 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் கைக்கு மாறிய, கூட்டாட்சியில் சேராத சுல்தானகம். ஆங்கிலப் பொதுச்சட்டம் எழுத்துபூர்வமாக இங்கே நீட்டிக்கப்பட்டது 1951-இல். 1956-ஆம் ஆண்டு குடிமையியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, இரு தரப்பிலும் பிழை இருந்தால் நட்டஈட்டை அவரவர் பங்குக்கு ஏற்பக் குறைக்கச் சொன்னது. அன்றிலிருந்து ‘யார் தப்பு’ என்று கேட்பதே அரைக் கேள்வி. ‘யாருக்கு எத்தனை விழுக்காடு’ என்று கேட்டால்தான் அது முழுக் கேள்வி.

சம்மன் வேறு தடத்தில் வந்தது. 1958-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதன் இடத்தைப் பிடித்த 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் ஓட்டுநருக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கைப் பேசுபவை. கவனக்குறைவாக ஓட்டியதற்கு 1987 சட்டத்தில் 43-ஆம் பிரிவு இருக்கிறது. விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதியவும் அந்தச் சட்டமே சொல்கிறது. எதிர்வண்டிக்காரரின் கதவு நசுங்கியதற்கு யார் பணம் கொடுப்பது என்பது அந்தச் சீட்டின் வேலை இல்லை. 1943-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை எல்லைவரை கொண்டுபோனது. ஹாலிங்டன் வழக்கில், கவனக்குறைவுக்காக ஓட்டுநர் ஏற்கனவே தண்டிக்கப்பட்டிருந்தார். ஆனாலும் அந்தத் தண்டனையை நட்டஈட்டு வழக்கில் சாட்சியாகக் காட்டவே கூடாது என்றார்கள். இங்கிலாந்து 1968-இல் அந்த விதியைக் கைவிட்டது. நம்முடைய 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமோ 1872-இன் இந்தியச் சட்டத்தை அடியொற்றியது, வேறொரு வழக்கின் தீர்ப்பை எளிதில் உள்ளே விடாதது. நீதிமன்றத்தில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது ஒப்புதல் என்ற அளவில் எடைபெறும். நீதிமன்றம் போகாமல் அபராதத்தைக் கட்டி முடிக்கும் கம்பவுண்டு அப்படியல்ல. பணம் கட்டியதோடு அரசின் வழக்கு முடிகிறது, எந்த நீதிபதியும் யாரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், இன்சூரன்ஸ்காரர் போலீஸ் முடிவைத்தானே பார்க்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிழை உங்களுடையது அல்ல என்று விசாரணை முடிவு சொன்னால், சொந்தக் காப்பீட்டிலேயே பழுதுபார்த்துக்கொள்ளலாம், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காக 55 விழுக்காடு வரை ஏறும் என்சிடி கழிவும் போகாது. அந்தக் கழிவை ஐந்து ஆண்டுகள் பொறுத்துச் சேர்த்தவருக்கு 300 ரிங்கிட் அபராதத்தைவிட அதுவே பெரிய இழப்பு. சம்மனுக்குத் தீர்ப்பின் மரியாதை கிடைத்தது இந்த வழியில்தான். ஆயினும் அது நிறுவனங்கள் தங்களுக்குள் வேலையை எளிதாக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. காயம்பட்ட மோட்டார்க்காரர் செஷன்ஸ் நீதிமன்றம் போனால் நீதிபதி சம்மனை எண்ணி முடிவு சொல்வதில்லை. சாலை விபத்து வழக்குகளில் தொகைக்கு உச்சவரம்பே இல்லாத நீதிமன்றம் அது. மோதிய இடம், பிரேக் தடம், கண்ணாடித் தூள் சிதறிய பக்கம், விசாரணை அதிகாரி வரைந்த படம் எல்லாவற்றையும் வைத்து, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார். குற்ற வழக்குக்கு வேண்டிய ஐயமற்ற நிரூபணம் அங்கே தேவையில்லை. அதனால்தான் சம்மன் வாங்காதவரும் பாதிப் பழியைச் சுமக்க நேரலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. போலீஸ் முடிவையும் நம்பக்கூடாது என்றால், வக்கீல் வைக்க வசதியற்ற தொழிற்சாலைத் தொழிலாளிக்கு எது துணை? ஹாலிங்டன் வழக்கே அந்தப் பக்கம்தான் பேசுகிறது. காரை ஓட்டிய மகன் விசாரணைக்கு முன்பே இறந்துபோக, எதிராளியின் தண்டனையையும் காட்டமுடியாமல், சாட்சியே இல்லாமல் தகப்பன் தோற்றார். ஆகவே போலீஸ் விசாரணையைத் தூக்கி எறியச் சொல்வதல்ல வாதம். அதில் எடை உள்ளவை விசாரணைப் படமும் அளவுகளும், அபராதச் சீட்டு அல்ல. பாக்கார் ஆராங் முச்சந்தியில் மோதிக்கொண்ட இருவரில், “விடு, கட்டித் தொலைச்சிடலாம்” என்று கம்பவுண்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர், அந்தப் படத்தின் நகலைக் கேட்காமலே போகிறார். மறுநாள் லோரிகள் கண்ணாடித் தூளையும் பிரேக் தடத்தையும் தேய்த்துவிடுகின்றன.